பிரிக்காத பெட்டிக்கு மூன்று பொட்டு

ஜப்பானின் சைதாமாவில் நான் வாராவாரம் போகும் பழைய சாமான் கடையில், ஒரு பொருளை விற்பதற்கு முன்னால் அதை நன்றாகத் திட்டுகிறார்கள். ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒரு சிறிய அட்டை. அதில் கடைக்காரரின் அழகான கையெழுத்தில் ஒரு குற்றப்பத்திரிகை: "இடது மூலையில் மூன்று மில்லிமீட்டர் நசுங்கல். மூடியில் லேசான யகே. முந்தைய வீட்டின் வாசனை சிறிது இருக்கலாம். மன்னிக்கவும்." யகே என்றால் வெயில் பட்டு நிறம் மங்குவது. அந்த மூலை நசுங்கியபோது கடைக்காரர் பிறந்தே இருக்க மாட்டார். இருந்தாலும் குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் பெட்டியைக் கொடுப்பார். நான் வளர்ந்த அம்பத்தூரில் நடைமுறை வேறு. அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கிய வாஷிங் மெஷின், ஓடத் தொடங்கினால் பின்கட்டிலிருந்து ஹால்வரை தானாக நடந்து வரும். விற்றவர் அதைப் பற்றிச் சொன்னது ஒரே வாக்கியம்: "புச்சு மாரி கீது அண்ணாத்தே, கண்ண மூடிகினு எடுத்துகினு போ." உண்மையாகவே கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கியிருக்க வேண்டும்.

நான் சேகரிப்பது பழைய ஜப்பானியக் கட்டைகள். தலையில் குமிழும் அடியில் குழியுமாக, ஒன்றன்மேல் ஒன்று வைத்து அழுத்தினால் டக்கென்று பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டைகள். உலகத்துக்கே தெரிந்த அந்த ஐரோப்பியக் கட்டை அல்ல. அதன் பெயரைத் தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள். ஷோவா காலத்தில், அதாவது நம் அப்பாக்கள் அரைக்கால் டவுசரோடு திரிந்த நாட்களில், ஜப்பானில் சின்னச் சின்னக் கம்பெனிகள் ஆளுக்கொரு கட்டை செய்தன. ஒருவர் கட்டை இன்னொருவர் கட்டையோடு சேராது. ஒரு முடி கனம்தான் வித்தியாசம், பக்கத்துத் தெருவில் செய்ததாகக்கூட இருக்கும், சேரவே சேராது. மனித இனத்தைப் பற்றி இவ்வளவு நேர்மையாகப் பேசும் பொம்மையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மூடியில் கையால் வரைந்த ஓவியம் இருக்கும். சிரிக்கும் குடும்பம், அவர்களுக்குப் பின்னால் கட்டைகளால் எழும்பிய மாபெரும் ரயில் நிலையம். பெட்டிக்குள் இருப்பதை வைத்து அதில் பாதியைத்தான் கட்ட முடியும் என்பது வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்தால்தான் தெரியும். விளம்பரத்தில் மட்டும் ஜப்பானும் அம்பத்தூரும் ஒரே ஊர்.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு சைதாமாவில் ஒரு சங்கம் உண்டு. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலையில், ஊர்ப் பொதுக்கூடத்தின் மாடி அறையில் கூடுவார்கள். செயலாளர் ஹொஷினோ-சான், பல்செட் செய்யும் பெண்மணி; பல் அளவெடுக்கும் அதே கருவியால் கட்டைகளின் குமிழையும் அளப்பார். அறை வாசலில் ஒரு செருப்பு அலமாரி. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய வீட்டுச் செருப்பு உண்டு. எனக்கு மூன்று வருடமாக, 'விருந்தினர்' என்று எழுதிய பச்சைச் செருப்பு. யாரும் என்னை விரட்டவில்லை. அன்பாக டீ கொடுப்பார்கள், என் ஜப்பானிய மொழியை வானளாவப் புகழ்வார்கள் (மொழி நன்றாக வந்துவிட்டால் புகழ்வதை நிறுத்திவிடுவார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்). உறுப்பினராவதற்கு ஒரே வழிதான்: நவம்பர் கண்காட்சியில் சொந்தமாக ஒரு செட்டை, அதன் குறைகளை நேர்மையாக எழுதிய அட்டையோடு வைக்க வேண்டும். அந்த வருடம் எனக்கு இடம் கொடுத்தார்கள். காரணம், என்னிடம் ரயில் நிலைய செட் இருந்தது. தொழிற்சாலையில் ஒட்டிய டேப்கூடப் பிரிக்காத பெட்டி. சங்கத்தில் வேறு யாரிடமும் அது இல்லை. பச்சைச் செருப்பிலிருந்து என் கால் விடுதலையாக அந்த ஒரு பெட்டிதான் வழி.

பெட்டி இருந்ததோ அம்பத்தூர் மேனாம்பேட்டில், அப்பா வீட்டில். என் சைதாமா அறையில் நான் கையை நீட்டிச் சோம்பல் முறித்தால் இரண்டு சுவரிலும் இடிக்கும். அதனால் லீவுக்கு வரும்போதெல்லாம், மற்றவர்கள் பெட்டி நிறைய சாக்லேட்டும் வாசனைத் திரவியமும் கொண்டுவர, நான் துணிகளுக்கு நடுவே கட்டைப் பெட்டிகளைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு இரும்பு பீரோவில் அடுக்கினேன். மொத்தம் பதினோரு பெட்டிகள். பீரோக் கதவின் உட்பக்கத்தில் கம்ப்யூட்டரில் அடித்த விதிமுறைப் பட்டியல் ஒன்றையும் ஒட்டினேன். வெயில் படக்கூடாது. ஈரத்துணியால் துடைக்கக்கூடாது. மேலே கனம் வைக்கக்கூடாது. வெறுங்கையால் தொடக்கூடாது, தொட வேண்டுமானால் வெள்ளைக் கையுறை, இதோ இரண்டு ஜோடி. ரயில் நிலைய செட் பெயருக்கு எதிரே மட்டும் பெரிய நட்சத்திரம் போட்டு, 'மிக முக்கியம்' என்று இரண்டு முறை கோடிட்டேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார். "இன்னா பாப்பா, ஆஸ்பத்திரி மாரி கீது?" என்றார். அம்மா, "கல்யாணப் பட்டுப்பொடவைக்கே இவ்ளோ சட்டம் கெடையாது" என்றாள்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் டை ஃபிட்டர். தண்ணீர் பாட்டிலுக்கு மூடி அடிக்கும் அச்சைப் பழுது பார்ப்பது வேலை. சிறுவயதில் எனக்குக் கிடைத்த விளையாட்டுச் சாமானே சரியாக வராத மூடிகள்தான். கோணிப்பை நிறைய கொண்டுவந்து கொட்டுவார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கோபுரம் கட்டுவேன். மின்விசிறியைப் போட்டால் கோபுரம் சரியும். ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் பொருள்மேல் எனக்கு ஏற்பட்ட வெறி அங்கே தொடங்கியது என்று மனநல மருத்துவர் யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். முதல்முறை ஜப்பானியக் கட்டை ஒன்றைக் காட்டியபோது அப்பா அதைப் புரட்டிப் பார்த்து, நகத்தால் ஓரத்தைத் தடவி, "ஃபினிஷிங் பரவால்ல" என்றார். அவர் வாயிலிருந்து வந்தால் அது விருது. அடுத்த நொடியே, "இத்தப் போயி பீரோல வெச்சிப் பூட்றியே, இது இன்னா தங்கமா? நம்ம மெஷின்ல போட்டா மணிக்கு நானூறு தள்ளும்" என்று விருதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

கண்காட்சிக்கு ஆறு வாரம் இருக்கும்போது பெட்டியை எடுத்துப்போக வந்தேன். மலிவான டிக்கெட், அதனால் விஜயதசமி காலையில் வந்து இறங்கினேன். எஸ்டேட் சாலை முழுக்க முந்தின நாள் உடைத்த பூசணிக்காய். குங்குமம் கலந்து, ஏதோ பெரிய போர் முடிந்த மாதிரி இருந்தது. ஆட்டோக்காரர் ஒவ்வொரு காயாக வளைத்து வளைத்து ஓட்டினார். கம்பெனி கேட்டுகளில் வாழைக்கன்று, லாரி நெற்றியில் கலர் பேப்பர் மாலை. சைதாமாவில் நடுரோட்டில் ஒரு பூசணிக்காய் கிடந்தால் போலீசுக்குச் சொல்லியிருப்பார்கள்; அவர்கள் வந்து உரிமையாளரைத் தேடியிருப்பார்கள்.

வீட்டுக்குள் நுழைந்தேன். ஹாலில் சுவரோரமாகப் பூஜை வரிசை இன்னும் கலைக்காமல் இருந்தது. மிக்ஸி, கிரைண்டர், அப்பாவின் டிரில்லிங் மெஷின், ஸ்பானர் செட், அம்மாவின் தையல் மெஷின், வைஃபை டப்பா. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். வரிசைக்கு நடுநாயகமாக, தலைவாழை இலைமேல், ரயில் நிலைய செட். அதன் மூடியில் மூன்று பொட்டு. நடுவில் பெரியது, இருபுறமும் சின்னது. அச்சு வேலை செய்கிற கை அல்லவா, இரண்டு பக்கமும் இடைவெளி துல்லியமாக இருந்தது. காகித மூடியில் சந்தனத்தின் ஈரம் ஊறிப் பரவி, ஓவிய நிலையத்தின் கடிகாரத்தை மஞ்சள் நிலவாக்கியிருந்தது.

வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அதில் பாதியை அச்சில் போட முடியாது.

"கூவாத பாப்பா," என்றார் அப்பா. "நீ போட்ட லிஸ்ட்டப் பார்த்துத்தான் செஞ்சேன். கிளவுசு மாட்டிகினுதான் எடுத்தேன். காஞ்ச துணியிலதான் தொடச்சேன். பொட்டு வெக்காதன்னு அதுல எங்க கீது, காட்டு?"

கையுறையை எடுத்து நீட்டினார். வலது மோதிர விரல் நுனி மட்டும் மஞ்சள். கையுறை போட்டுக்கொண்டு பொட்டு வைத்த ஒரே மனிதர் இந்த உலகத்தில் என் அப்பாவாகத்தான் இருப்பார்.

"பதினோரு பெட்டி இருக்கேப்பா! இதுதானா கெடச்சுது?"

"நீதான ஸ்டார் போட்டு வெச்ச?"

அந்த நேரம் பார்த்து, பொரிப் பொட்டலத்தோடு தாஸ் மாமா வந்தார். அப்பாவோடு அதே கம்பெனியில் வேலை செய்பவர். ஊரில் எந்தச் சண்டைக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும் திறமை அவருக்கு உண்டு. "இன்னாமா, ஜப்பான் போயி ராக்கெட்டு உடுவன்னு பார்த்தா, சொப்பு சாமானுக்கு ஒப்பாரி வெச்சிகினு கீற?" என்று பொரியை வாயில் போட்டுக்கொண்டு அப்பா பக்கம் திரும்பினார். "நைனா, பொட்டு வெச்சது சரிதான். ஆனா வெச்சா வேல செய்யணுமே! இன்னிக்கி அத்த ஓட்டணும்."

அப்பாவும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பூஜை போட்ட சாமான் மறுநாள் சும்மா இருக்கக் கூடாது; மிக்ஸியை ஒரு சுற்றாவது சுற்ற வேண்டும், டிரில்லிங் மெஷினில் ஒரு ஓட்டையாவது போட வேண்டும். "ஒரு கட்ட, அதுமேல இன்னொரு கட்ட. ஒரே டக்கு. அப்பறம் மூடிகோ" என்றார். பிரிக்காத பெட்டியைப் பிரிக்கச் சொல்கிறார்! பொட்டு வைத்தது கொலை முயற்சி என்றால் இது கொலையே. "இது என்ன ஆயுதமா? இதுக்கு எதுக்குப் பூஜை?" என்று கத்தினேன்.

அப்பா டிரில்லிங் மெஷினிலிருந்து வாடிய பூவை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலேயே சொன்னார்: "என் சாமானுக்கு வெச்சேன். ஒங்கம்மா சாமானுக்கு வெச்சேன். ஒன் லேப்டாப்ப நீ எடுத்துகினு பூட்ட. ஒன் சைக்கிளு போன மழையில துருப்புடிச்சிப் பூடுச்சி. ஒன் சாமானுன்னு இந்த ஊட்ல வேற இன்னா கீது? இந்தப் பொட்டிதான் கீது."

தாஸ் மாமாகூடப் பொரி மெல்லுவதை நிறுத்திவிட்டார். நான் மட்டும் நிறுத்தவில்லை. கோபம் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி, நடுவில் இறங்க வெட்கமாக இருக்கும். பெட்டியைப் பிரிக்காமலே துணியில் சுற்றி எடுத்துவைத்தேன். கிளம்பும் நாள்வரை அப்பாவிடம் சாப்பாட்டுத் தட்டைத் தாண்டி எதுவும் பேசவில்லை.

சைதாமாவில் அடுத்த கூட்டம். பச்சைச் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போய்ப் பெட்டியை மேசைமேல் வைத்துத் துணியை விலக்கினேன். ஐந்து பேர் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தார்கள். ஹொஷினோ-சான் கண்ணாடியை மாற்றிக்கொண்டு குனிந்தார். முதலில் அளவுகோலை எடுத்து இடைவெளியை அளந்தார். "இரண்டு பக்கமும் ஒரே அளவு," என்றார், சற்று மரியாதையோடு. "யார் செய்தது?"

"என் அப்பா. எங்கள் ஊரில் வருடத்துக்கு ஒருமுறை, வேலைக்கு உதவிய சாமான்களை எல்லாம் வரிசையாக வைத்து, நன்றி சொல்லி, இப்படி அடையாளம் வைப்போம்."

அவர் முகம் சட்டென்று கனிந்தது. "ஓ... குயோ" என்றார். மற்றவர்களும் தலையசைத்தார்கள். ஐந்து பேரும் எழுந்து பெட்டிக்கு முன்னால் கைகூப்பிக் கண்மூடி நின்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆகா, ஆயுதபூஜையை ஒரே நொடியில் புரிந்துகொண்ட ஞானிகள், இவர்களைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்று நானும் கைகூப்பினேன்.

கண் திறந்ததும் ஹொஷினோ-சான் தாழ்ந்த குரலில் கேட்டார்: "எப்போது எரிக்கப் போகிறீர்கள்?"

குயோ என்றால் கடைசி வழியனுப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. இங்கே உடைந்த தையல் ஊசியை மெத்தென்ற தோஃபுவில், அதாவது சோயா பனீரில், குத்திவைத்து நன்றி சொல்வார்கள். பழைய பொம்மையைக் கோயிலுக்குக் கொண்டுபோய், மந்திரம் ஓதி, எரித்துவிடுவார்கள். இவர்கள் என் பெட்டிக்குத் துக்கம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் முதல் வரிசையில் நின்று கைகூப்பியிருக்கிறேன்!

"இல்லை, இல்லை, இது சாகவில்லை!" என்று பதறினேன். "எங்கள் ஊரில் நேர்மாறு. பொட்டு வைத்தால் ஓய்வு கிடையாது. மறுநாளே வேலைக்குப் போக வேண்டும்."

ஹொஷினோ-சான் இதை யோசித்தார். அவர் யோசிப்பது பல்செட் பொருத்துவது மாதிரி, அவசரமே இருக்காது. பிறகு உண்மையான ஆர்வத்தோடு கேட்டார்: "அப்படியானால், மறுநாள் இது என்ன வேலை செய்தது?"

கிண்டலாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். மேனாம்பேட்டில் தாஸ் மாமா பொரி மென்றுகொண்டே கேட்டபோது கத்த முடிந்தது. இங்கே, பச்சைச் செருப்போடு, கத்தவும் முடியவில்லை. மறுநாள் அது எந்த வேலையும் செய்யவில்லை. அது செய்யப்பட்ட நாளிலிருந்தே எந்த வேலையும் செய்யவில்லை. விரல்களால் டக்கென்று அழுத்துவதற்காகச் செய்த பொருளை, எந்த விரலும் படாததற்காகவே நாங்கள் ஆறு பேரும் கொண்டாடிக்கொண்டிருந்தோம். ஒரே டக்கு போதும் என்று கேட்டவரிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு விமானம் ஏறியிருந்தேன்.

பேனாக்கத்தி கேட்டேன். யாரும் கொடுக்கவில்லை, கொலைக்கு உடந்தையாக யார் வருவார்கள்? நகத்தாலேயே டேப்பைப் பிரித்தேன். அத்தனை வருடத்து டேப், சருகு மாதிரி உதிர்ந்தது. பின்னால் ஒருவர் விபத்தைப் பார்த்ததுபோல் முனகினார். உள்ளே சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டைகள், யகே அண்டாத வெள்ளை. மாட்டுப் பொங்கலுக்கு அவிழ்த்துவிட்ட கன்று மாதிரி சில மேசைமேல் ஓடின. ஒன்றை எடுத்து இன்னொன்றின்மேல் வைத்து அழுத்தினேன். டக். அந்தச் சத்தத்துக்கு ஹொஷினோ-சான் "ஓ" என்றார். அடுத்த கட்டையை அவரே வைத்தார். மதியத்துக்குள் ரயில் நிலையம் எழும்பியது. ஓவியத்தில் பாதிதான் வந்தது என்று சொல்லவும் வேண்டுமா?

வீட்டுக்கு வந்ததும் அப்பாவை அழைத்தேன். நிலையத்தைக் காமிராவில் காட்டினேன். எப்படித் தொடங்குவது என்று ஜப்பானிய முறையில் மன்னிப்பு வாசகம் ஒன்று தயாரித்து வைத்திருந்தேன். அவர் அதற்கு இடமே கொடுக்கவில்லை.

"தொறந்துட்டியா! கட்டிட்டியா! புடிக்கிதா நல்லா? லூசா இல்லியே?"

"நல்லாப் பிடிக்குதுப்பா."

"அப்ப கட்ட ஒங்கிட்டயே இருந்து வேல செய்யட்டும். மூடிய இங்க அனுப்பு."

"மூடி எதுக்குப்பா?"

"அடுத்த வருசம் நான் எதுக்குமா பொட்டு வெக்கறது?"

பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "பீரோல பத்து பொட்டி கீதே, அதுக்கு வெச்சிக்க வேண்டிதான?"

"அதுக்கு ஸ்டார் இல்லடி" என்றார் அப்பா.

கண்காட்சியில் என் செட் கட்டிய நிலையமாகவே நின்றது. பக்கத்தில் மூடி, மூன்று பொட்டோடு. அட்டையில் என் கையெழுத்தில் குறைகளை எழுதினேன்: டேப் பிரிக்கப்பட்டது, மூடியில் கறை. ஹொஷினோ-சான் படித்துவிட்டு, 'கறை' என்ற சொல்லை மட்டும் அடித்து, மேலே 'அடையாளம், மூன்று, சம இடைவெளி' என்று திருத்தினார். தரவரிசையில் கடைசி இடம் கொடுத்தார்கள், அதில் சலுகை எதுவும் இல்லை. ஆனால் அடுத்த மாதக் கூட்டத்துக்குப் போனபோது அலமாரியில் என் பெயர் எழுதிய செருப்பு இருந்தது. ஒரு சைஸ் சின்னது. புகார் சொல்லவில்லை, பாதி குதிகால் வெளியே தொங்கத்தான் நடக்கிறேன்.

இந்த வருடம் ஆயுதபூஜைக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மா போட்டோ அனுப்பினாள். மிக்ஸிக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் நடுவில், தலைவாழை இலைமேல், உள்ளே ஒன்றுமில்லாத மூடி சாய்ந்து நிற்கிறது. போன வருடப் பொட்டுகள் மங்கியிருக்கின்றன. அவற்றுக்குக் கீழே, அதே இடைவெளியில், புதிதாக மூன்று. ஓரத்தில் வெள்ளைக் கையுறை தெரிகிறது.

இங்கே என் அறையில் கட்டைகள் மூடியில்லாத அடிப்பெட்டியில் கிடக்கின்றன. தூசி படாமல் மேனாம்பேட்டு ஜவுளிக்கடைப் பை ஒன்றைப் போர்த்தியிருக்கிறேன். சங்கத்து விதிப்படி அதற்கும் புது அட்டை எழுதி ஒட்ட வேண்டியிருந்தது. நேற்று எழுதினேன்: "மூடி இல்லை. தொலையவில்லை, வேறொரு வீட்டில் வேலையில் இருக்கிறது. அடையாளம் ஆறு. வருடத்துக்கு மூன்று கூடும். மன்னிக்கவும்."